வட்டத்தில் ஒரு நாற்காலி

குரோனிங்கன்
செப்டம்பர் 27

அக்கா,

கைபேசியைச் சமையலறை மேசையில் வேண்டுமென்றேதான் வைத்துவிட்டு வந்தேன். மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைத்துப் பின்னாலேயே அனுப்பி வைக்காதே. எழுத வேண்டுமென்றால் மேலே உள்ள விடுதி விலாசத்துக்கு எழுது. கொஞ்ச நாள் இங்கே இருப்பேன்.

மழை. ஸ்வோல என்கிற ஊரிலிருந்து பாதி நடை, பாதி பேருந்து. முதுகுப்பையின் பட்டை தோளில் ஒரு கோடு போட்டுவிட்டது. குளிக்கும்போது அதைத் தடவிப் பார்க்கிறேன். என்னுடைய உடம்பில் எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

ஊர் ஊராகப் போனால் மனிதர்கள் கிடைப்பார்கள் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. விடுதியில் எல்லோரும் காதில் எதையாவது செருகிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். டச்சுக் கடைக்காரர் ஒருவர் மட்டும் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "பெல்ஜியமா? பஞ்சுல சுத்துன மாதிரி பேசுறியேப்பா" என்றார். நான் எதற்கு வந்தேன் என்று அவரும் கேட்கவில்லை.

நீ சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அம்மாவை அடக்கம் செய்த அதே வாரம் அவள் துணிகளைக் கறுப்புப் பைகளில் கட்டி வாசலில் வைத்தாய். அவளுடைய பச்சைக் கோட்டு எங்கே என்று கேட்டேன். "நீ இந்த வீட்டுல விருந்தாளி மாதிரிதான் இருந்த. விருந்தாளிக்கு எதுக்கு கோட்டு?" என்றாய்.

அந்த வாக்கியத்தோடுதான் நடக்கிறேன். பைக்குள் அதுதான் கனமாக இருக்கிறது.

வன்னஸ்


ஓஸ்டெண்ட்
அக்டோபர் 2

வன்னஸ்,

சொன்னேன். சொன்னதுதான். எட்டு மாதம் கழித்து ஊர் ஊராக அதைத் தூக்கிக்கொண்டு திரிவாய் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் சின்ன வாக்கியமாகச் சொல்லியிருப்பேன்.

அந்தத் துணிகளில் அவள் வாசனை இருந்தது. மாடி முழுக்க இருந்தது. நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாய். நான் தூங்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, நீயும் கேட்கவில்லை. யாரும் உன்னைக் கேள்வி கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ யாரைக் கேட்டிருக்கிறாய்?

சரி. விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் ஒன்று, புனிதர் அனைவர் திருநாள். ஊரே கல்லறைகளுக்குச் சாமந்தி வைக்கிற நாள். அம்மாவின் கல்லறைக்கு இது முதல் சாமந்தி. பெரிய தொட்டியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருத்தியால் தூக்க முடியாத தொட்டி. வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன். கோடலீவ் சித்தி வருவாள், மற்றவர்களும் வருவார்கள். எல்லோருக்கும் முன்னால் நான் அதைத் தனியாக இழுத்துக்கொண்டு போக விரும்பவில்லை.

அன்று மட்டும் வா. பிறகு நார்வேக்கோ நரகத்துக்கோ போ.

காத்ரைன்


குரோனிங்கன்
அக்டோபர் 6

அக்கா,

நேற்று எனக்கு மனிதர்கள் கிடைத்தார்கள்.

மீன் சந்தையில் முட்டை உருண்டை வாங்க வரிசையில் நின்றேன். அவித்த முட்டையைச் சுற்றி மாவு பூசிப் பொரித்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது உயிர். எனக்குப் பின்னால் நின்ற பெண் என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பையைப் பார்த்தாள். "இத தின்னு வயித்த ரொப்பிக்காத. எங்க வீட்டுல இன்னிக்கு பொறந்தநாள். வா" என்றாள். அவ்வளவு சாதாரணமாக. பெயர் ஃபென்னா. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். அண்ணனுக்கு என்றாள்.

கால்வாய்க்குப் பின்னால் ஒடுங்கிய வீடு. ஜன்னலில் திரையில்லை. தெருவிலிருந்தே எல்லோரும் தெரிந்தார்கள். சுவரோரம் சுற்றி நாற்காலிகள், நாற்காலிகளில் மனிதர்கள், மடியில் தட்டு. நடுவில் ஒன்றுமில்லாத தரை.

உனக்கு இவர்கள் வழக்கம் தெரியாது. நம் ஊரில் பிறந்தநாள்காரரை வாழ்த்துவோம், முடிந்தது. இங்கே உள்ளே வருகிறவர் வட்டம் முழுக்கச் சுற்றி, ஒவ்வொருவர் கையையும் பிடித்து வாழ்த்த வேண்டும். அம்மாவிடம் 'உங்க மகனுக்காக வாழ்த்துகள்', தங்கையிடம் 'உன் அண்ணனுக்காக', பக்கத்து வீட்டுக்காரரிடம் 'உங்க பக்கத்து வீட்டுப் பையனுக்காக'. பிறந்தவன் ஒருவன், வாழ்த்து எல்லோருக்கும். எனக்கு அது பிடித்தது. நான் சுற்றி முடித்தேன். காலியாக ஒரே ஒரு நாற்காலி. முதுகில் வண்ணக் காகிதச் சரம் சுற்றியிருந்தது. கால் வலித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சு நின்றது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நான் நன்றி, நன்றி என்றேன். அந்த வீட்டு அம்மா, யந்தினா, கடைசியாக வந்தாள். என் கையை விடவே இல்லை. உலர்ந்த, சூடான கை. பிறகு கேக்கை வெட்டினாள். முதல் துண்டு எனக்கு.

சீப்ராண்ட் என்கிற பக்கத்து வீட்டுக் கிழவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முடி வளந்துடுச்சு உனக்கு. போன தடவ பாத்தப்ப இவ்வளவு இல்ல."

பாத்திரம் கழுவும்போது ஃபென்னாவிடம் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே, "வாழ்த்துனா எல்லாரும் 'உங்களுக்கும்'னுதான் சொல்லுவாங்க. நன்றின்னு பொறந்தநாள்காரன் மட்டும்தான் சொல்லுவான்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அண்ணன் பெயர் மென்னோ. ஒரு இலையுதிர் காலத்தில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் திரும்பவில்லை. "தேடினோம். அப்புறம் தேடுறத விட்டுட்டு நாற்காலிய மட்டும் போட ஆரம்பிச்சோம்" என்றாள்.

மாடியில் ஒரு அறை இருக்கிறதாம். விடுதிக்கு எதற்கு வீண் செலவு என்கிறார்கள். புது விலாசம் உறையின் பின்புறம்.

வன்னஸ்


ஓஸ்டெண்ட்
அக்டோபர் 9

வன்னஸ்,

ஒரு துண்டு கேக்குக்காக வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டோடு மகனாகப் போனவனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

விளையாட்டாக எழுதப் பார்க்கிறேன், வரவில்லை. உன் கடிதத்தைக் குளியலறையில் நின்றுகொண்டு படித்தேன். படித்ததும் கதவைத் தாழிட்டேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அவர்கள் துக்கத்தில் இருப்பவர்கள். துக்கத்தில் இருப்பவர்களின் நாற்காலியில் உட்காரக் கூடாது. நல்ல வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திரு. 'நான் மென்னோ இல்லை' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல். சொன்னாயா என்று எனக்கு எழுது.

சாமந்தித் தொட்டிக்குச் சொல்லியாகிவிட்டது.

காத்ரைன்


குரோனிங்கன்
அக்டோபர் 14

அக்கா,

சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை. யாரும் என்னை மென்னோ என்று கூப்பிடுவதில்லை. எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சாப்பிட வா' என்கிறார்கள். வருகிறேன்.

நான் இதைத்தானே தேடிப் புறப்பட்டேன்? யாராவது என்னிடம் கேள்வி கேட்க வேண்டும் என்று. இங்கே கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாதபடி இருக்கிறார்கள். ரொட்டிக்கு எனக்கு வெண்ணெய் வேண்டாம் என்று முதல் நாளே தெரிந்திருந்தது. சந்தையில் மீன்காரி தலையசைக்கிறாள். சைக்கிளில் போகிறவர்கள் மணியடித்துவிட்டுப் போகிறார்கள். ஊர் முழுக்க என்னைத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிகிறது, அதுதான் விசித்திரம். பால்காரரின் நாய்க்குப் பெயர் என்ன என்று யாரும் சொல்லாமலே அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது வந்தது.

அலமாரியிலிருந்த பழுப்புக் கம்பளிச் சட்டை சரியாக இருக்கிறது. கை நீளம் கூட.

இடது கால் கொஞ்சம் வலிக்கிறது. மாலையில் இன்னும் அதிகம். மாடிப்படி செங்குத்து, அதனால் இருக்கும்.

நேற்று மழை வரும் முன்பே அம்மா துணிகளை எடுத்துவிட்டாள். அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ. சின்ன வயதிலிருந்தே நான் பார்க்கிறேன், அவள் மூக்கைத் தூக்கினால் மழை வந்துவிடும்.

வ.


ஓஸ்டெண்ட்
அக்டோபர் 17

நம் அம்மா பிப்ரவரியில் செத்துப்போனாள், வன்னஸ்.

மழையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. எப்போதும் நனைந்த துணியைத்தான் எடுத்து வந்தாள். நீயும் நானும் அதைப் பற்றிச் சிரிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன்.

காத்ரைன்


ஓஸ்டெண்ட்
அக்டோபர் 23

வன்னஸ்,

உனக்கு முன்னால் நடந்ததை உனக்கே எழுதுகிறேன். நீ அங்கே இருந்தாயா என்று எனக்கு நிச்சயமில்லை.

அந்த அம்மா கதவைத் திறந்தாள். நான் யாரென்று சொன்னேன். அவள் அதிரவில்லை. "உள்ள வாம்மா, குளுருது" என்றாள். காபி கொடுத்தாள். தகரடப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் எடுக்கச் சொல்லிவிட்டு, மூடி, அலமாரியில் வைத்தாள். மேலே காலடிச் சத்தம் கேட்டது.

நான் மனிதர்களின் நடையைச் சரிசெய்து பிழைப்பவள். இடுப்பு முறிந்த கிழவிகளுக்கு நடக்கச் சொல்லித் தருகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பவருக்கு எந்த மூட்டில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். மாடிப்படியில் இறங்கி வந்தது உன் நடை இல்லை. சிறு வயதில் உடைந்து, சரியாகச் சேராத இடது கணுக்கால். பல வருடப் பழக்கம் உள்ள நடை. ஒரு மாதத்தில் யாருக்கும் அப்படி வராது. நடித்தாலும் வராது.

பிறகு கதவு திறந்தது. முகம் உன்னுடையது.

என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். "பயணம் நல்லா இருந்துச்சா? ஸ்வோலயில வண்டி மாறியிருப்பீங்களே" என்றாய். நான் எழுந்து, "வன்னஸ், வா போலாம்" என்றேன். நீ அந்த அம்மாவைப் பார்த்தாய். என்னை அறியாததால் இல்லை. எனக்காகச் சங்கடப்பட்டுப் பார்த்தாய். தெருவில் பிதற்றுகிறவளைப் பார்ப்பதுபோல.

ஃபென்னா என்கிற பெண் சமையலறை வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அந்த அம்மா என் கையைப் பிடித்தாள். "நீயும் தனியாத்தான் இருக்கியாம்மா?" என்றாள். "அழுது என்ன கண்டோம். வர்றவங்கள உள்ள விடணும். அவ்வளவுதான்" என்றாள். அதில் தீமை எதுவும் இல்லை, வன்னஸ். இருந்திருந்தால் அவள் முகத்தில் அறைந்திருப்பேன்.

சூடான கைதான். நீ எழுதியது சரி.

திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எழுந்து வா.

காத்ரைன்


குரோனிங்கன்
அக்டோபர் 27

அன்புள்ள காத்ரைன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு தூரம் வந்தும் தங்களுக்கு ஏமாற்றமாகிவிட்டதை எண்ணி வருந்துகிறோம். அம்மாவும் வருந்துகிறாள்.

தங்கள் தம்பி எங்கிருந்தாலும் நலமாக இருப்பார் என்றே நம்புகிறேன். வெளியே போகிறவர்கள் எல்லோரும் தொலைந்துபோவதில்லை. நானும் வெகுநாள் வெளியே இருந்தவன்தான்.

இந்த விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொள்கிறாள். அவள் உடல்நிலை அப்படி.

மரியாதையுடன்,
மென்னோ


குரோனிங்கன், விடுதி
நவம்பர் 2

அக்கா,

நான்தான். வன்னஸ். எழுத்து கோணலாக இருக்கிறது.

நேற்றுக் காலை யந்தினா சந்தையிலிருந்து ஒரு பூந்தொட்டி வாங்கி வந்து சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள். சாமந்தி. மஞ்சள். "நல்லா இருக்கில்ல? வீட்டுக்கு வெளிச்சமா இருக்கு" என்றாள். நம் ஊரில் கல்லறைக்கு மட்டுமே வைக்கிற பூ. இவர்களுக்கு அது வெறும் பூ. ஜன்னலில் வைப்பார்கள், மேசையில் வைப்பார்கள், அதன் பக்கத்தில் வைத்து சூப் குடிப்பார்கள்.

என் கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைத்தேன். மேசையில் யாரோ கல்லறையை வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. யாருடைய கல்லறை என்று யோசித்தேன். யோசித்தபோதுதான் அம்மாவின் முகம் வந்தது. நம் அம்மா. நனைந்த துணியோடு பின்வாசலில் நிற்பவள்.

என்ன தேதி என்று கேட்டேன். சொன்னார்கள்.

"நான் வன்னஸ். ஓஸ்டெண்ட்லேருந்து வந்தவன்" என்றேன். யந்தினாவின் முகம் மாறவில்லை. "சரிப்பா. சூப் ஆறுது" என்றாள். இரண்டாவது முறை சொன்னேன். அதற்கும் சரிப்பா என்றாள். மூன்றாவது முறை சொல்லியிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். எழுந்துவிட்டேன்.

ஃபென்னா தெருமுனைவரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உனக்கு முன்னாடி இருந்தவனும் இதே மாதிரிதான், ஒரு நாள் சாப்பாட்டுல உக்காந்திருக்கும்போது பேர சொன்னான்" என்றாள். அவனுக்கு என்ன ஆனது என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். நல்லவன், நன்றாகப் பாடுவான் என்றாள். பிறகு, வீட்டில் கிழங்கு உரிக்க வேண்டும் என்று திரும்பிப் போனாள். ஜன்னலில் திரை இல்லாததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் உள்ளே போய், காகிதச் சரத்தை எடுத்து, அந்த நாற்காலியில் மறுபடி சுற்றினாள்.

திருநாளைத் தவறவிட்டேன். உன் கடிதங்கள் எல்லாம் இப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன, யாருடையதோ போல. நீ வந்ததும். நான் கை குலுக்கியதும். மன்னித்துவிடு என்று எழுதினால் சிறியதாக இருக்கிறது.

கால் இன்னும் நொண்டுகிறது. நீ சரிசெய்வாய்.

சனிக்கிழமை வருகிறேன். பச்சைக் கோட்டைப் பற்றிக் கேட்க மாட்டேன். அந்தத் துணிகளின் வாசனையைப் பற்றிக் கேட்பேன். நீ எத்தனை நாள் தூங்கவில்லை என்று கேட்பேன். கேட்டிருக்க வேண்டும்.

உன் தம்பி


ஓஸ்டெண்ட்
நவம்பர் 5

வன்னஸ்,

வராதே.

கோபத்தில் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ திரும்பக் கிடைத்துவிட்டாய் என்று தெரிந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போனேன். அவன் கேட்டால் வெங்காயம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் கேட்டான்.

திருநாளன்று காலை கல்லறைத் தோட்டத்து வாசலில் தொட்டியை இறக்கிவிட்டு பூக்கடைக்காரர் போய்விட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுப்பை மாட்டிய ஒரு பையன் வந்து, கடற்கரை மணல்மேட்டுக்கு எந்த டிராம் போகும் என்று கேட்டான். நார்வேக்காரன். சிந்த்ரே என்று பெயர் சொன்னான். பல நாளாக யாரிடமும் பேசாதவன் போலப் பேசினான். நான் டிராமைப் பற்றிச் சொல்லவில்லை. "ஒரு கை பிடிக்கிறியா?" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. கடவுள் மேல் ஆணையாக.

தொட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கோடலீவ் சித்தி வந்தாள். அவளுக்குக் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை, உனக்கே தெரியும். அவன் கன்னத்தைத் தொட்டு, "ரொம்ப எளச்சுட்டியேடா, வன்னஸ். அக்காவ தனியா விட்டுட்டு எங்கடா போன?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் மறுக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பனி உள்ளே போனது.

"வந்துட்டேன்ல" என்றான் அவன். நம் ஊர்ப் பேச்சில்.

வீட்டுக்கு எல்லோரும் காபி குடிக்க வந்தார்கள். அவன் பையை உன் அறையில் வைத்தான். எந்த அறை என்று நான் சொல்லவில்லை. நேற்று வெளியே கிளம்பும்போது, அம்மாவின் நீலக் குடை எங்கே என்று கேட்டான். அதை நான் துணிகளோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. "உனக்கு அப்ப தூக்கமே இல்லல்ல" என்றான். என் தோளில் கை வைத்தான்.

நீ கேட்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை அவன் கேட்டுவிட்டான், வன்னஸ். உன் கடிதம் வருவதற்கு முன்பே.

நீ வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். கதவைத் தட்டுவாய். அவன்தான் திறப்பான். உன்னைப் பார்த்ததும் தான் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பையை மாட்டிக்கொள்வான். பிறகு நீ இருப்பாய். கொஞ்ச நாள் இருப்பாய். உன் கதவைச் சாத்திக்கொள்வாய். ஒரு நாள் கைபேசியைச் சமையலறை மேசையில் வைப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அவனை எனக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அவன் இருப்பான் என்று நம்ப முடிகிறது.

நல்ல மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்காவது போய் உட்கார். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. படியில் இறங்கும்போது முதலில் வலது காலை வைக்காதே.

தூங்குகிறேன் இப்போது. விடியும்வரை.

நேற்று மாலை நார்வேயிலிருந்து, ஸ்டாவங்கர் ஊரிலிருந்து, ஒரு அழைப்பு வந்தது. எண் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. சிந்த்ரேயின் அம்மா. பொறுமையான குரல். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் வருகிறாராம், மகனைக் கூட்டிப் போக. நல்ல காபித்தூள் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த அம்மா என்னிடம் நடந்துகொண்டதுபோல நானும் அவரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்வேன்.

காத்ரைன்